ஓய்வுபெற்றோரின் ஓயா அலுவல்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அரசுப் பணியாளர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார் என்பது தமிழக அரசின் விதி. பெற்ற ஓய்வை அவர் எடுத்துக்கொள்கிறார் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் சான்று காண்பது அரிது. நடைப்பயிற்சி, தானத்துக்கான கைவேலை, உள்ளூர் வரலாற்றாய்வு ஆகிய மூன்றாலும் அவர் தம் பொழுதை நிரப்புவதை ஆராயும் இக்கட்டுரை, விட்டுவந்த அலுவலகத்தையே அவர் வேறிடத்தில் மீண்டும் நிறுவிக்கொள்கிறார் எனக் காட்ட முற்படுகிறது.

நடைப்பயிற்சியாவது, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதற்காக மேற்கொள்ளப்படும் பயணம். அதன் வேகம் அகவிலைப்படி பற்றிய பேச்சு எழும்போது குறைந்து, டீக்கடை கண்ணில் படும்போது கூடுகிறது. ஒருநாள் வராதவர் மறுநாள் காரணம் சொல்லியாக வேண்டும் என்பதால், வருகைப் பதிவேட்டின் பணியை இது செவ்வனே ஆற்றுகிறது. எனினும் 1991இல் தொடங்கிய அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தின் வழியே மிதிவண்டி பழகிய இம்மாவட்டத்துப் பெண்களுள் பலர் இன்று பாட்டிமார்களாக இருப்பதால், உடற்பயிற்சியின் அருமையை அவர்களிடம் எடுத்துரைக்க எவரும் துணிவதில்லை.

கைவேலைகளுள் தலையாயது வயர்க்கூடை. சிவன் கண், நெல்லிக்காய் என முடிச்சின் வகையால் பெயர் பெறும் இக்கூடைகளும், பழைய வேட்டியில் தைக்கப்படும் துணிப்பைகளும் முதியோர் இல்லங்களுக்கும் கோயில் அன்னதானங்களுக்கும் செல்கின்றன. வேண்டுவோரின் எண்ணிக்கையைக் கூடைகளின் எண்ணிக்கை விஞ்சும்போது எஞ்சியவை உறவினர்க்கு ஒதுக்கீடு செய்யப்படுகின்றன. அவர்களுக்கு மறுக்கும் உரிமை இல்லை.

மூன்றாவதான வரலாற்றாய்வே இம்மாவட்டத்தின் தனிச்சிறப்பு. 1929இல் புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட தொகுப்பில் மட்டுமே 1,100க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு போன்ற சில நீங்கலாக, இவற்றுள் பெரும்பாலானவை நிலத்தின் நான்கெல்லை, இறையிலி எனப்படும் வரிவிலக்கு, கோயிலுக்கு விட்ட கொடை, இறுதியில் கையெழுத்திட்டோர் பெயர் என்னும் வரிசையில் அமைந்தவை. வருவாய்த்துறையில் ஆயுளைக் கழித்தவர்க்கு இது கோப்பு என்று விளங்கக் கல்வெட்டறிஞரின் துணை தேவையில்லை. எழுத்துகள் தெளிய மாவைத் தடவிப் படிக்கும்போது, எல்லையில் ஏதேனும் ஆக்கிரமிப்பு உண்டா என்றே அவர் கண் முதலில் தேடுகிறது.

மேலும், இங்குள்ள தொன்மைகளுள் பல பாறையின் மேலேயே அமைந்திருப்பதால் ஆய்வும் உடற்பயிற்சியும் பிரிக்கவியலாதவை ஆகின்றன. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளைக் காண விழைபவர் முதலில் குன்றேற வேண்டும். மாவும் தூரிகையும் தண்ணீர்ப் புட்டியும் ஏறுவது வயர்க்கூடையில். ஆகவே கைவேலையும் இவ்வாய்வின் உறுப்பாகிறது.

வருகைப் பதிவேடு, பண்ட ஒதுக்கீடு, கோப்பு ஆகிய மூன்றும் கிடைத்துவிட்ட நிலையில் அலுவலகம் முழுமை பெறுகிறது. குறைவது மேலதிகாரி ஒருவரே. அவ்விடம் நெடுநாள் காலியாக இருப்பதில்லை என்பதும், வீட்டில் நெடுங்காலமாக அப்பொறுப்பை வகித்துவருபவரே, கூடையில் மாவு குறைந்ததற்கு விளக்கம் கோரி முதல் குறிப்பாணையை வாய்மொழியாக வழங்குகிறார் என்பதும் இவ்வாய்வின் முடிபுகள்.