அரசாங்கத்தைத் திருத்த ஃபண்டு வாங்குவது எப்படி?

பட்டா மாறுதல் ஏன் இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள வட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். ஆனால் அதற்குப் பெயர் உட்கார்ந்திருப்பது. ஆராய்ச்சி என்றால் ப்ராஜெக்ட் வேண்டும், ப்ராஜெக்டுக்கு ஃபண்டு வேண்டும்.

ப்ரொபோசலை வரலாற்றிலிருந்து தொடங்குங்கள். 1966-இல் அமைந்த முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 20 அறிக்கைகள் கொடுத்தது. 2005-இல் வீரப்ப மொய்லி தலைமையில் அமைந்த இரண்டாவது ஆணையம் 15 கொடுத்தது. அப்புறம் உங்கள் அறிக்கை எதற்கு என்று யாராவது கேட்பார்கள். அந்த 35-இல் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்க்கப் போகிறோம் எனச் சொல்லிவிடுங்கள். உங்கள் பேரன் காலம் வரை செல்லுபடியாகும் பதில் இது.

வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஆகாது. பதிவுக்கு நிறுவனம் மூன்று வருஷமாக இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவும் வேண்டும். அது எங்கிருந்து வரும் என்று என்னைக் கேட்காதீர்கள், மாமனாரைக் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, நீங்கள் திண்டுக்கல்லில் இருந்தாலும் பணம் முதலில் வந்து இறங்குவது டெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில்தான். வந்த பணத்தை இன்னொரு சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கவும் முடியாது.

நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்ததை அதே திருத்தம் 20 ஆக்கிவிட்டது. ஆனால் ஆராய்ச்சி அமைப்புகளுக்கு விதியில் ஒரு சலுகை உண்டு: களத்தகவல் திரட்டுபவர், அலசுபவர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. உடனே கணக்கரின் கையில் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமத்துக்கு அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள். யு.சி. தயாரிக்க ஆள் இருக்காது.

யு.சி. என்கிற பயன்பாட்டுச் சான்றிதழ்தான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. களப்பணியாளர் பேருந்து நிலையத்தில் டீ குடிக்கிறார். டீக்கடையில் பில் கிடையாது. பில் இல்லாத டீக்கு விளக்கக் கடிதம், கடிதத்தில் திட்ட மேலாளர் கையெழுத்து. மேலாளரோ நல்லாட்சிப் பயிலரங்குக்காகச் சென்னை போயிருக்கிறார். 'ஃபைல் மேசையில்தான் இருக்கு, திங்கக்கிழமை வாங்க' என்கிறார் கணக்கர். தாமதத்துக்கான காரணங்களை இதைவிடப் பக்கத்தில் நின்று யாரும் ஆராய முடியாது. அறிக்கையில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

ஒரு ஜாக்கிரதை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்றொரு அமைப்பு 1990-களில் அரசு வேலைத்திட்டங்களுக்கு வந்தவர்களின் கூலிப் பட்டியலை ஊர் நடுவே கூட்டம் போட்டு உரக்கப் படித்தது. அதில் பெயர் இருந்தவர்கள் எழுந்து 'எனக்குக் கூலி வரவில்லை' என்றார்கள். 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததில் அந்தக் கூட்டங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இப்போது மத்திய அரசு அலுவலகத்தில் பத்து ரூபாய் கட்டிக் குடிமக்கள் யார் வேண்டுமானாலும் ஆவணம் கேட்கலாம். அந்த ராஜஸ்தான் அமைப்பைத் தாராளமாக மேற்கோள் காட்டுங்கள். அதன் வழியைப் பின்பற்றினால் பட்ஜெட் பத்து ரூபாயில் நின்றுவிடும்.

அறிக்கை வெளியீட்டுக்கு நல்ல ஹோட்டலாகப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர், பதவியில் இருந்தபோது சொல்லாததையெல்லாம் அங்கே சொல்வார். கடைசிப் பக்கத்தில் 'மேலும் ஆய்வு தேவை' என்று போட மறக்க வேண்டாம். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் அடுத்த ப்ரொபோசலை அனுப்பிவிடுங்கள்.