எந்த போர்ட் குடிக்கிறது?

கேள்வி: மதியம் ஆனால் எங்கள் அலுவலகத்தில் இணையம் தவழ்கிறது. சுவிட்சில் எந்த போர்ட் அலைவரிசையை விழுங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் எல்லாரையும் சந்தேகிப்பதை நிறுத்துங்கள், சுவிட்சையே கேளுங்கள். அது ஒவ்வொரு போர்ட்டிலும் போன பைட், வந்த பைட் இரண்டையும் எண்ணிக்கொண்டேதான் இருக்கிறது. யாரும் கேட்காததால் சொல்லவில்லை!

அந்தக் கணக்கை வெளியிலிருந்து கேட்டு வாங்க உதவும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறையைச் சுவிட்சில் இயக்குங்கள். 1995-இல் தோபியாஸ் ஓட்டிக்கர் வெளியிட்ட எம்.ஆர்.டி.ஜி. போன்ற இலவச மென்பொருள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து, மின்வாரியக் கணக்கீட்டாளர் போலப் பழையதைக் கழித்து, போர்ட் வாரியாக வரைபடம் போட்டுவிடும்.

ஒரு பொறி உண்டு. பழைய 32 பிட் கவுன்டர் சுமார் 429 கோடி பைட் வரைதான் எண்ணும். பிறகு மீண்டும் பூஜ்ஜியம். முழு வேகத்தில் ஓடும் 1 ஜிகாபிட் போர்ட்டில் அது 34 விநாடிக் கதை. ஐந்து நிமிடத்துக்குள் எட்டு முறை சுற்றிவிட்டு, 'நான் எங்கே சார் ஓடினேன்?' என்று கேட்கும். எனவே 64 பிட் கவுன்டரைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு எஸ்.என்.எம்.பி. 2சி அல்லது 3 வேண்டும். முதல் பதிப்புக்கு அவ்வளவு பெரிய எண் தெரியாது.

எஸ்.என்.எம்.பி.யில் 'பப்ளிக்' என்ற கம்யூனிட்டி பெயரை அப்படியே விட்டுவைக்காதீர்கள். ஊருக்கே தெரிந்த கடவுச்சொல் அது. முடிந்தால் மூன்றாம் பதிப்பே நல்லது.

போர்ட் எவ்வளவு குடித்தது என்று கவுன்டர் சொல்லும். என்ன குடித்தது என்று சொல்லாது. அதற்கு, போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும் நெட்ஃபுளோவோ எஸ்ஃபுளோவோ தேவை. அதற்கு முன், ஒவ்வொரு போர்ட்டுக்கும் பெயர் எழுதி வையுங்கள். இல்லையென்றால் குற்றவாளி 17-ஆம் போர்ட் என்று தெரிந்த பிறகும், கேபிளைப் பிடித்துக்கொண்டு மேஜை மேஜையாக அலைய வேண்டும்.