கம்பம் பள்ளத்தாக்கில் இரைப்பை நீர்த் திறப்பு: ஒரு முதற்கட்ட ஆய்வறிக்கை

இவ்வாய்வின் எல்லை, வடக்கே தேனி, தெற்கே லோயர் கேம்ப். ஆய்வுப் பொருள், மத்தியானச் சாப்பாட்டைத் தவறவிட்டுச் சாயங்காலக் குமுளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பயணி ஒருவரின் இரைப்பை. இத்துறையின் புகழ்பெற்ற ஆய்வுகள் நாயை வைத்தும் குண்டடி பட்டவரை வைத்தும் நடந்தவை. பஸ் பயணியை யாரும் மதிக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

குண்டடி பட்டவர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். 1822-இல் அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் துப்பாக்கி வெடித்து அவர் வயிற்றில் ஓட்டை விழுந்தது. ஆள் பிழைத்தார், ஓட்டை மூடவில்லை. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், இறைச்சித் துண்டைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியே இறக்குவார், கொஞ்ச நேரம் கழித்து இழுத்துப் பார்ப்பார். பார்த்ததையெல்லாம் 1833-இல் புத்தகமாகவும் போட்டார். மார்ட்டினுக்குக் கோபம் வந்தால் செரிமானம் கெட்டது என்பது அவர் குறித்துவைத்தவற்றில் ஒன்று. பாக்கிச் சில்லறைக்குக் கண்டக்டரோடு மல்லுக்கட்டிவிட்டுச் சாப்பிட உட்காருகிறவர்கள் கவனிக்கவும்.

நாய்கள் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவுடையவை. மணியடித்ததற்காக அவருக்கு நோபல் கொடுத்தார்கள் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 1904-இல் கிடைத்த அந்தப் பரிசு செரிமான ஆய்வுக்கானது. நாயின் உணவுக்குழாயை அறுத்துக் கழுத்துக்கு வெளியே திருப்பிவிட்டார். தின்ற கறி வயிற்றுக்குப் போகாமல் கீழே விழுந்தது. ஆனாலும் காலி வயிற்றில் நீர் ஊறியது. மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பை வெட்டியதும் ஊறுவது நின்றது.

இனி கள ஆய்வு. வீரபாண்டி தாண்டும்வரை குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. சின்னமனூரில் வண்டி நிற்கிறது. கல்லிலிருந்து எடுத்த பரோட்டாக்களை அடுக்கி, மாஸ்டர் இரண்டு கையாலும் பக்கவாட்டில் பட் பட்டென்று அடிக்கிறார். ஏடு ஏடாகப் பிரிகிறது. பக்கத்துச் சட்டியில் கொதிக்கும் சால்னாவின் வாசம் ஜன்னல் கம்பிக்குள் நுழைகிறது. மூளை வேகஸுக்குத் தகவல் சொல்ல, வேகஸ் இரைப்பையை எழுப்ப, ஒரு வாய்கூடப் போடாமலே, ஒரு சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுரக்கக்கூடும். வாயில் எச்சில் ஊறுவதுதான் பயணிக்குத் தெரியும்.

முல்லைப் பெரியாற்றிலிருந்து இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்குத் தண்ணீர் விட அரசு உத்தரவு வேண்டும், மதகருகே அதிகாரிகள் பூத்தூவ வேண்டும். இரைப்பைக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. சோறு வருமுன்பே மதகைத் தூக்கிவிடும். சோறு விழுந்து வயிறு விரிந்ததும், புரதம் பட்டதும், இரைப்பையின் ஜி செல்கள் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது ஹிஸ்டமினைக் கிளப்பும். இரண்டும் சேர்ந்து அமிலச் செல்களின் பம்புகளை முடுக்கும். இப்படி ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை இரைப்பை நீர். அடைப்பதிலும் கெட்டிக்காரத்தனம்தான். அமிலம் மிஞ்சினால் டி செல்களின் சொமட்டோஸ்டேட்டின் காஸ்ட்ரினை அடக்கும். முன்சிறுகுடலில் அமிலம் எட்டிப் பார்த்தால் அங்கிருந்து செக்ரெட்டின் 'போதும்' என்று சொல்லியனுப்பும். பெரியாறு அணையின் நீர்மட்டத்தைப் போல 142 அடி என்று உச்ச நீதிமன்றம் வரை போய் நிர்ணயிக்க வேண்டியதில்லை.

மிளகாயின் மீதுள்ள பழி பற்றியும் சொல்லவேண்டும். எவரெஸ்டில் 1922-லும் 1924-லும் ஏற முயன்ற சாமர்வெல், பிறகு நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் தங்கி, அப்பகுதி மக்களின் குடற்புண்ணுக்கு ஏராளமான அறுவை சிகிச்சை செய்தவர். அந்தக் காலத்தில் காரமும் கவலையுமே குற்றவாளிகள். அப்புறம்தான் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி பிடிபட்டது. கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-இல் நோபல். காரம் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணைத் தோண்டுவது பெரும்பாலும் அந்தக் கிருமியும், கணக்கில்லாமல் விழுங்கும் வலி மாத்திரையும்தான்.

பஸ்ஸுக்கு வருவோம். பரோட்டா பார்சலாகி வருமுன் கண்டக்டர் விசில் ஊதிவிடுகிறார். சுரந்த அமிலத்துக்கு வேலையில்லை. உத்தமபாளையம் தாண்டும்போது வயிறு கிள்ளுகிறது, கம்பத்தில் இறங்கும்போது நெஞ்சு கரிக்கிறது. டீக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தே சொல்கிறார்: "என்னண்ணே, கரிக்குதா? ஒரு டம்ளர் பால் குடிங்க, அடங்கிரும்." அடங்கும், கொஞ்ச நேரத்துக்கு. பாலிலுள்ள புரதமும் கால்சியமும் காஸ்ட்ரினை மறுபடி தட்டியெழுப்ப, அமிலம் முன்னைவிடக் கூடுதலாகவே வரும். டீக்கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. பல காலம் டாக்டர்களே குடற்புண்காரர்களுக்குப் பாலைத்தான் எழுதிக்கொடுத்தார்கள்.

ஆகவே இத்தடத்துக் கண்டக்டர் அண்ணன்மார்களுக்கு இவ்வாய்வு பணிவுடன் பரிந்துரைப்பது: சின்னமனூரில் பத்து நிமிஷம் நிறுத்துங்கள். முடியாதென்றால், ஜன்னலையாவது சாத்தச் சொல்லுங்கள்.