சோபா நீதிமன்றம்

மனிதர்களை எடைபோடுவதில் எனக்கென்று ஒரு கைராசி உண்டு. யாரை நான் தங்கமான மனுஷன் என்று சொல்கிறேனோ, அவர் என்னிடம் கைமாற்று வாங்கிய மறுநாளே போன் நம்பரை மாற்றிவிடுவார். இப்பேர்ப்பட்ட திறமை வீட்டோடு முடங்கிவிடக் கூடாது என்றுதானோ என்னவோ, 2017 ஜூனில் விஜய் டிவியில் பிக் பாஸ் ஆரம்பித்தார்கள்.

செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் வீடு மாதிரி ஒரு செட். போன் கிடையாது, பேப்பர் கிடையாது. திரும்பின பக்கமெல்லாம் கேமரா. நூறு நாள் யார் தாக்குப்பிடிக்கிறார் என்பதுதான் ஆட்டம். உள்ளே இருப்பவர்களின் குணநலனை ஆராயும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. யாரும் ஒப்படைக்கவில்லைதான். அதற்காக விட்டுவிட முடியுமா?

என் அளவுகோல்கள் உயரமானவை. நேர்மை, சுயமரியாதை, நெருக்கடியில் நிதானம். “இவர்கிட்ட ஒரு கண்ணியம் இருக்கு, கவனிச்சியா?” என்று நான் வாய் மூடுவதற்குள், அந்தக் கண்ணியவான் இன்னொருவர் காதில் மூன்றாமவரைப் பற்றி வத்தி வைத்துக்கொண்டிருப்பார். சில வாரம் தொகுப்பாளர் கமல்ஹாசன் அதைக் குறும்படமாகவே போட்டுக் காட்டிவிடுவார். அப்போது என் மனைவி டிவியைப் பார்க்க மாட்டாள். என்னைப் பார்ப்பாள்.

மாமியாருக்கு ஒரே அளவுகோல்தான். சாப்பிட்ட தட்டு.

“இந்தப் பையன் தட்டை அப்படியே சிங்க்ல போட்டுட்டுப் போறான். வெளங்காது” என்பார். “அந்தப் பொண்ணு எல்லாருக்கும் பரிமாறிட்டுக் கடைசியில உக்காருது. ஆனா தனக்கு ஒரு முட்டையை முதல்லயே ஒதுக்கி வச்சிடுச்சு. பொழச்சுக்கும்.” நான் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை எவிக்‌ஷனில் தட்டுக்காரன் பெட்டியோடு வெளியே வருவான். முட்டைக்காரி காப்பாற்றப்பட்டிருப்பாள்.

முதல் சீசனில் பட்டம் ஓவியாவுக்குத்தான் என்று அலுவலகத்தில் பிரியாணிப் பந்தயமே கட்டினேன். தமிழ்நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள் என்று வையுங்கள். மாமியார் மட்டும், “அந்தப் பொண்ணுக்கு அங்க இருப்புக் கொள்ளல. வீட்டுக்கு அனுப்பி வைங்கப்பா” என்றார். ஆகஸ்டில் ஓவியா தானாகவே கிளம்பிவிட்டார். பட்டம் ஆரவுக்குப் போனது. பிரியாணிக்குப் பணம் என்னுடையது, லெக் பீஸ் அடுத்தவருடையது.

சீசன்கள் உருண்டன. 2024இல் கமல் இடத்துக்கு விஜய் சேதுபதி வந்தார். தொகுப்பாளர் மாறினாரே தவிர, என் தீர்ப்புகளின் தரத்தில் ஒரு குறையும் ஏற்படவில்லை. ஆண்டுதோறும் ஒரே சீராகத் தோற்றேன்.

போன சீசனில் ஒரு நாள், மாமியாரை அனுபவத்தால் வெல்ல முடியாது, அறிவால்தான் வெல்ல வேண்டும் என்று முடிவெடுத்து, தோசையைச் சாப்பிட்டுவிட்டுச் சொற்பொழிவில் இறங்கினேன். 1949இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நாவலில் ‘பிக் பிரதர்’தான் ஜனங்களை உளவு பார்க்கும் சர்வாதிகாரத்தின் முகம். ஐம்பது வருஷம் கழித்து, 1999இல் நெதர்லாந்துக்காரர்கள் அந்தப் பெயரில் டிவி நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள்; அதன் வழி வந்ததுதான் நம்ம பிக் பாஸ். அன்று ஜனங்கள் பயந்த கேமராவுக்கு முன்னால் இன்று சம்பளம் வாங்கிக்கொண்டு பல் தேய்க்கிறார்கள் என்றெல்லாம் விளாசினேன். மகள் கொட்டாவி விட்டாள். நான் விடவில்லை.

“விஷயத்துக்கு வர்றேன். இருபத்திநாலு மணி நேரம் பிடிச்சதை ஒரு மணி நேரமா வெட்டி ஒட்டுறாங்க. சிரிச்சதை வெட்டிட்டு முறைச்சதை மட்டும் வச்சா காந்தியும் சிடுமூஞ்சிதான். எடிட் பண்ணினதைப் பார்த்து ஒருத்தர் குணத்தை எடைபோடுறது தப்பு அத்தை!”

வீடே அமைதியானது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மாமியார் மெதுவாக எழுந்து வந்து, டீப்பாய் மேல் சட்னி காய்ந்துகொண்டிருந்த என் தட்டைக் கையில் எடுத்தார்.

“நியாயம்தான் மாப்பிள்ளை. ஆனா உங்களை நாங்க எடிட் பண்ணாமத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். இருந்தும் இன்னும் வெளிய அனுப்பல பாருங்க.”