மஞ்சப்பையில் சிலிண்டர்

கோவையில் எந்தத் தெருவில் பழைய புல்லட் ஒன்று நீலமாகப் புகை விட்டாலும், அந்தப் புகை கலைவதற்குள் அங்கே வந்து நிற்கிறவர் ஒருவர் உண்டு. போரிங் அண்ணா என்று வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் இல்லை, பட்டறையும் வைத்ததில்லை. ஏதாவது ஓர் ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரை வெட்டிப் பெரிதாக்க, அதாவது போரிங் போட, எந்தப் பட்டறைக்குப் போவது என்பதில் அவர் வைத்ததுதான் தீர்ப்பு.

"ஆயில் குடிக்குதா கண்ணு? போரு போச்சு. கழட்டிரு."

பரிசோதனை அவ்வளவுதான். கழற்றிப் பார்ப்பது இந்த ஊருக்குப் பழைய வியாதி. இந்த ஊர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி அக்கக்காகப் பிரித்த கதையை அண்ணா உற்சாகமாகச் சொல்வார். நாயுடு அதைத் திரும்பப் பூட்டினார் என்ற பகுதி வருவதற்குள் டீ வந்துவிடும்.

மறுநாள் யாருடைய வண்டியிலோ பின்சீட்டில் அண்ணா. மடியில் மஞ்சப்பை, பைக்குள் வார்ப்பிரும்பு சிலிண்டர். வண்டியை ஓட்டுவதும் டீக்குக் காசு கொடுப்பதும் புல்லட்டுக்குச் சொந்தக்காரத் தம்பியின் வேலை. பழைய 350 புல்லட்டின் உள்விட்டம் 70 மி.மீ. முதல் ஓவர்சைஸ் அதைவிட 0.25 மி.மீ. கூட, பட்டறைக் கணக்கில் பத்து தௌ. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றுதான் ஒரு தௌ. அப்படிப் பத்துக்காக ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு என்று பாதி ஊரைச் சுற்ற வேண்டும்.

முதல் பட்டறையில் டைல்ஸ் தரை, புது மெஷின். "எத்தனை ஓவருங்க? மத்தியானம் வந்து வாங்கிக்கங்க" என்றார் பொறுப்பாளர். அண்ணா பேசாமல் சிலிண்டரைப் பைக்குள் வைத்தார். வெளியே வந்ததும் பொரிந்தார்: "பிஸ்டன் எங்கேன்னு ஒரு வார்த்தை கேட்டானா? மாப்பிள்ளை ஜாதகம் பாக்காம முகூர்த்தம் குறிக்கறான்!"

இதில் அவரை மறுக்க முடியாது. ஒரே அளவு என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் இம்மி வித்தியாசம் இருக்கும். பிஸ்டனின் பாவாடைப் பகுதியை, பிஸ்டன் பின் (pin) போகும் திசைக்குக் குறுக்குவாட்டில், மைக்ரோமீட்டரில் அளந்து, ஓட வேண்டிய இடைவெளியையும் சேர்த்துத்தான் சிலிண்டரை வெட்ட வேண்டும். அண்ணாவின் சட்டப் புத்தகத்தில் உருப்படியான ஷரத்து இது.

மற்ற ஷரத்துகள் வேறு ரகம். பட்டறையில் எஃப்.எம். பாடினால் ஆகாது, பாட்டுக்குக் கை ஆடும். முதலாளி வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் ஆகாது. பேரம் பேசவே கூடாது: "அம்பது ரூபா குறைச்சீன்னா ஹோனிங்ல கழிச்சிருவான்." வேலை முடிந்து கிடக்கும் அடுத்தவர் சிலிண்டரைக் கேட்காமலே எடுப்பார். செல்போன் டார்ச் அடித்து, ஹோனிங் கல் இழுத்த கோடுகள் குறுக்கும் மறுக்குமாக விழுந்திருக்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். பிறகு சலவைக் கைக்குட்டையை உள்ளே விட்டு ஒரு துடை துடைப்பார். கறுப்பாக வந்தால் கைக்குட்டையைக் கொடிபோல் விரித்துக் காட்டி, "மண்ணெண்ணெய்ல அலசிட்டு விட்டிருக்கறீங்க. சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சாத்தானுங்க பொடி போகும்" என்பார். சரியான பேச்சுதான். யாருடைய சிலிண்டர் என்பதுதான் பட்டறைக்காரரின் கேள்வி.

இவ்வளவு சோதனைக்கும் மேலே ஒரு தகுதி உண்டு. "இந்த வாரம் ஆகாதுங்க" என்று யாராவது கையை விரித்தால் அண்ணாவின் முகம் மலர்ந்துவிடும். "முடியாதுன்னான் பாத்தியா? இவந்தான் வேலைக்காரன்!" தன்னைத் திருப்பி அனுப்புகிறவரைத்தான் அவர் நம்புவார். அந்த நம்பிக்கையோடுதான் கடைசியில் ஒரு சந்துக்குள், அட்டைப் பெட்டி அகலத்தில் இருந்த பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். எஃப்.எம். இல்லை. மேஸ்திரியின் பனியன் எந்த நிறத்தில் வாங்கியது என்று சொல்ல முடியாது. உள்விட்டம் அளக்கும் போர் கேஜைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதை மைக்ரோமீட்டரில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். சிலிண்டரின் மேலே, நடுவே, கீழே அளந்தார். கால்வட்டம் திருப்பி மறுபடி மூன்று இடம். அண்ணா மூச்சு விடவில்லை.

மேஸ்திரி அண்ணாவைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார்.

"புகை எப்பங்க வருது? காலைல மொத கிக்குலயா, ஓட ஓடவா?"

"காலைல மட்டுந்தானுங்க. அப்பறம் நின்னுருது." இத்தனை நாளில் அவனிடம் இதை யாரும் கேட்டிருக்கவில்லை.

"போரு நல்லாருக்குதுங்க. ரெண்டு தௌகூடத் தேயல, வெட்டவே வேண்டாம். வால்வு கைடு போயிருக்கும். ராத்திரி நிக்கறப்ப ஆயில் கசிஞ்சு எறங்கும், காலைல எரியும். ஹெட்டைக் கொண்டாங்க, பாக்கலாம்." அளந்ததற்குக் காசும் வாங்கவில்லை.

வருகிற வேலையையே வேண்டாம் என்று சொல்கிற ஒருவரைத்தான் அண்ணா இத்தனை காலம் தேடிக்கொண்டிருந்தார். சந்து முனை வரை ஒன்றும் பேசாமல் நடந்தார். வண்டியில் ஏறி, பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"மேஸ்திரிக்கு வயசாயிருச்சு கண்ணு, கண்ணு தெரியல. சிங்காநல்லூர்ல ஒருத்தர் இருக்காராமா. வண்டியை எடு."