ஒரு நொடிக்கு எத்தனை படம்?

ஒரு நொடி கார்ட்டூனுக்கு 24 படம் வரைய வேண்டுமாமே, நிஜமா?

ஓடுவது 24 ஃப்ரேம். வரைவது பெரும்பாலும் 12. ஒவ்வொரு படத்தையும் கேமரா இரண்டு ஃப்ரேம் பிடிக்கும். ஸ்டூடியோ பேச்சில் இது ‘டூஸ்’. பாத்திரம் தலைதெறிக்க ஓடும்போது ‘ஒன்ஸ்’. அங்கே 24-ஐயும் வரைந்தே ஆக வேண்டும். டூஸிலேயே எடுத்தாலும் 7 நிமிடப் படத்தில் ஓர் உருவத்துக்கு மட்டும் 5,040 தாள்!

அத்தனையும் ஒரே கை வேலையா?

‘கெர்ட்டி தி டைனோசர்’ (1914) படத்தில் ஏறக்குறைய அப்படித்தான். வின்சர் மெக்கே டைனோசரை ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்தார். பின்னணியைத் தாளுக்குத் தாள் நகலெடுக்க ஓர் உதவியாளர். பிறகு வந்த ஸ்டூடியோக்கள் வேலையைப் பிரித்தன. கை ஓங்கிய நிலை, அடி விழுந்த நிலை போன்ற முக்கியப் படங்கள் ‘கீ’. அவற்றை அனிமேட்டர் வரைவார். நடுவில் வருபவற்றை நிரப்புகிறவர் ‘இன்பிட்வீனர்’. படத்தில் நீங்கள் பார்க்கும் தாள்களில் பெரும்பங்கு இவர் கைவண்ணம். இவர் பெயரைத்தான் நாம் தேடிப் பார்ப்பதில்லை.

‘செல்’ என்பது என்ன?

செல்லுலாய்டின் சுருக்கம். கண்ணாடி போன்ற தாளில் உருவத்தை மட்டும் எடுத்து, ஒரே பின்னணி ஓவியத்தின் மேல் வைப்பது. ஏர்ல் ஹர்ட் 1914-ல் இதற்குக் காப்புரிமை கேட்டார். கோட்டை முன்பக்கம் மையால் இழுத்து, நிறத்தைப் பின்பக்கம் பூசுவார்கள். அதனால் கோடு அழியாது. இன்னொரு சங்கதியும் உண்டு. செல் முழுத் தெளிவானதல்ல. மேலே ஒன்று வைத்தால் அடியில் இருப்பது ஒரு சாயல் மங்கும். ஆகவே அடியில் போகும் சட்டையின் சிவப்பு வேறு, மேலே வரும் அதே சட்டையின் சிவப்பு வேறு. டிஸ்னியில் வெள்ளைக் கையுறையோடு உட்கார்ந்து இந்த நிறக்கணக்கைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

நான் வரைந்த பந்து துள்ளாமல் மிதக்கிறது. ஏன்?

இடைவெளியைச் சமமாக வைத்திருப்பீர்கள். நோட்டு மூலையில் நான் வரைந்த முதல் பந்தும் நூல் கட்டி இழுத்ததுபோல்தான் போனது. பந்து உச்சியில் தயங்கும். அங்கே படங்கள் ஒன்றையொன்று தொடுமளவு நெருங்கட்டும். இறங்க இறங்க இடைவெளி விரியட்டும். தரைக்கு முந்தைய படத்தில் பந்து நீளும். தரையில் பட்டதும் தட்டையாகும். ‘ஸ்க்வாஷ் அண்டு ஸ்ட்ரெட்ச்’ இதுதான். தட்டையானால் அகலம் கூட வேண்டும். இல்லாவிட்டால் பந்து சுருங்கியதாகத் தோன்றும். இடைவெளியை மட்டும் மாற்றிப் பாருங்கள், அதே வட்டம் இரும்புக் குண்டாகும், பலூனாகும். வட்டத்துக்கு எடை வருவதை முதன்முதலில் பார்க்கும் நொடி இருக்கிறதே, அதற்காகவே இந்தத் தொழிலைக் கற்கலாம்.

‘ஆன்டிசிபேஷன்’?

குதிக்கும் முன் குனிவது.

யோகி கரடிக்கு எதற்குக் காலர்?

தலையையும் உடலையும் தனித்தனி செல்லில் போட்டார்கள். உடல் அசையாமல் நிற்க, தலை மட்டும் பேசும். ஒட்டு தெரியாமல் காலர் மறைக்கும். தொலைக்காட்சியின் சின்ன பட்ஜெட்டுக்கு ஹன்னா-பார்பெரா ஸ்டூடியோ கண்ட வழி. சிக்கனத்திலிருந்து பிறந்த அழகு.

மனிதரைப் படமெடுத்து அதன்மேல் வரைவது ஏமாற்று இல்லையா?

இல்லை. இந்த முறைக்குப் பெயர் ரோட்டோஸ்கோப். மேக்ஸ் ஃப்ளைஷர் 1917-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்; கேமரா முன் கோமாளி உடையில் ஆடியது அவர் தம்பி டேவ். ஆனால் அச்சுப்பிசகாமல் நகலெடுத்தால் உயிர் வராது. எதை மிகைப்படுத்துவது, எதை விடுவது என்பது வரைகிறவர் முடிவு.

கணினிதான் நடுப்படங்களைப் போட்டுத் தருகிறதே?

தரும். எங்கே தயங்க வேண்டும், எங்கே பாய வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மறுபடி அந்த நூல் கட்டிய பந்துதான்.

ஆறாம் வகுப்பு மகளுக்கு ஆசை. வீட்டில் லைட் பாக்ஸ் இல்லையே?

அடித்தாளின் கோடு மேல்தாளில் தெரிய, பகல் வெளிச்சம் படும் ஜன்னல் கண்ணாடி போதும். தாள்கள் நழுவாமலிருக்க எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இரண்டு ஓட்டை போட்டு முளையில் மாட்டுங்கள்; ஸ்டூடியோவில் ‘பெக் பார்’ என்ற முளைப்பட்டையின் வேலையும் அதுதான். ஒரு மாதம் பந்து. பந்து சரியாக விழுந்த பிறகு, பாதி நிரம்பிய மாவு மூட்டை: அதை நடக்க வைக்கச் சொல்லுங்கள்.