தீவு கொண்ட பெருமாட்டியர் மெய்க்கீர்த்தி

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனுக்குப் பரணி பாடுவது தமிழ் மரபு. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்றால் புலவர் எழுத்தாணியைத் தொடமாட்டார். மரபு அவ்வளவு கறாரானது. ஆனால் ஒரே தீவில் ஒரு கோடியிலிருந்து ஒன்றரைக் கோடி வரை நண்டுகளைக் கொன்று குவித்த ஒரு குலத்துக்கு இன்றுவரை ஒரு தாழிசைகூட எழவில்லை. இந்தப் பழியை என்னால் இயன்ற மட்டும் துடைக்க, மஞ்சள் கிறுக்கெறும்புப் பெருமாட்டியரின் ஆறு திருவடிகளையும் முறையே வணங்கித் தொடங்குகிறேன்.

பெருமாட்டியர் என்று விளிப்பது வெறும் உபசாரத்துக்காக அல்ல. இக்குலத்தில் உழைப்போரும் போர்புரிவோரும் ஆள்வோரும் எல்லோரும் பெண்டிரே. ஓர் உறையில் இரண்டு வாள் இராது என்று நம் பெரியோர் சொல்லிவைத்தது இவர்களைக் காணாத குறையால். ஒரே புற்றில் நூற்றுக்கணக்கான அரசியர் கூடி வாழ்கிறார்கள். அண்டைப் புற்றோடு எல்லைத் தகராறு இல்லை, வாய்க்கால் வழக்கு இல்லை. புற்றும் புற்றும் கைகோத்து நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு ஒரே பேரரசாக விரிகின்றன. இத்தகைய ஒற்றுமை மனிதரில் எவருக்கு வாய்த்தது? உள்ளுக்குள் சண்டையிடுவதில் வீணாகும் வலிமை முழுவதும் வெளியாரைக் கொல்வதற்கே மிச்சப்படுகிறது.

திருமேனியின் நீளம் நாலைந்து மில்லிமீட்டர். பொன்மஞ்சள் நிறம், நெடுங்கால்கள், நெடிய உணர்கொம்புகள். யாரேனும் சீண்டிவிட்டால் நாலாதிசையும் தறிகெட்டு ஓடும் அந்த நடையின் முன்னால் அன்னநடை அலுப்பூட்டும். பிறந்த மண் ஆசியாவா, ஆப்பிரிக்காவா என்று பூச்சியியல் அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய இடத்துப் பிறப்பைத் துருவுவது மரியாதையன்று என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தரவில்லை போலும்.

ஜாவாவுக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவின் ஆளுகையில், 135 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது கிறிஸ்துமஸ் தீவு. பெருமாட்டியர் வருமுன் அங்கே நடந்த அவலத்தைச் சொல்லக் கூசுகிறது. கோடிக்கணக்கான செந்நண்டுகள் கூலி கேட்காமல் காட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தன. உதிர்ந்த இலையைத் தின்றன, முளைத்த கன்றைக் கிள்ளின, தரையைச் சாணம் மெழுகிய முற்றமாக வைத்திருந்தன. மழை தொடங்கியதும் காடு முழுவதும் செக்கச்செவேலென எழுந்து, சாலைகளைக் கடந்து, கடலோரம் போய், நிலவின் தேய்பிறைக் கணக்குப் பார்த்து விடியுமுன் முட்டையிட்டுவிட்டுத் திரும்பின. இப்படி ஒரே வேலையை ஆண்டுதோறும் அலுக்காமல் செய்யும் பிரஜைகளை எந்த நாகரிகம் பொறுத்துக்கொள்ளும்?

தீவின் மண்ணில் பாஸ்பேட் இருந்தது. அதை வெட்டி ஏற்றிப்போகவே அக்காலத்தில் கப்பல்கள் வந்தன. ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்ற நல்வழக்கம் கப்பல்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1915-க்கும் 1934-க்கும் இடையில் ஏதோ ஒரு சரக்கின் மடியில் பெருமாட்டியரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். சீட்டும் கேட்கவில்லை, பெயரும் பதியவில்லை. அள்ளியதற்கு ஈடாக ஒரு பேரரசையே அள்ளித்தந்த அந்தப் பெருந்தகைகளுக்குத் தீவில் இதுவரை சிலை இல்லை.

வந்ததும் வாளை உருவுவது அற்பர் செயல். பெருமாட்டியர் அரை நூற்றாண்டுக்கு மேல் அடக்கமாக ஒதுங்கி வாழ்ந்தார்கள். அத்தனை அடக்கத்தைக் கண்டு யாருக்காவது ஐயம் வந்ததா என்றால், வரவில்லை. முதல் பெருங்குடியேற்றம் 1989-இல் கண்ணில் பட்டது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அது காடெங்கும் பொங்கியது. தரையில் ஒரு சதுர மீட்டருக்கு 2,000-க்கும் மேற்பட்ட எறும்புகள் என எண்ணிப் பார்த்து ஆய்வாளர்கள் வாய்பிளந்தார்கள். 2002 வாக்கில் தீவின் காட்டில் கால்வாசிக்கும் மேல் அவர்களுடைய ஆட்சி.

இவ்வளவு பெரிய படைக்குச் சோறு? அங்கேதான் இவர்களின் பொருளாதார மேதைமை விளங்குகிறது. தீவுக்கு வெளியிலிருந்து வந்தேறிய இன்னொரு சீமான், மஞ்சள் அரக்குப் பூச்சி. அது மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும், உறிஞ்சியதில் மிஞ்சிய சர்க்கரைப் பாகைப் பின்புறமாகச் சொட்டும். அமுதம் எந்த வாசலில் சுரக்கிறது என்று ஆராய்வது பண்புடையோர் வழக்கமல்ல. பெருமாட்டியர் அதை அருந்தினார்கள், கைம்மாறாக அரக்குப் பூச்சிக்கு அரண் நின்றார்கள். காவல் கிடைத்ததால் பூச்சி பெருகியது, பாகு பெருகியதால் படை பெருகியது. வணிகரும் அரசும் இவ்விதம் ஒருவரை ஒருவர் கொழுக்க வைக்கும் நேர்த்தி எந்த நாட்டுக் குடிமகனுக்கும் புதிதாகத் தோன்றாது. செலவு யாருடையது என்று கேட்டால், மரங்களுடையது. மீந்த பாகு இலைமேல் வழிந்து, அதில் கரும்பூசணம் படர்ந்து, மரங்களுக்கெல்லாம் கறுப்புப் பட்டு உடுத்தியாயிற்று. உடுத்திய சில மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்தும் போயின. காட்டுக்குள் வெளிச்சம் வந்தது என்று இதையும் கொண்டாடலாம்.

போர்முறைக்கு வருகிறேன். இவர்களுக்குக் கொடுக்கு இல்லை. கடிப்பது, குத்துவது போன்ற கொச்சையான காரியங்களில் இவர்கள் பெரிதாக நம்பிக்கை வைப்பதில்லை. வயிற்றின் நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சுகிறார்கள், அதுவும் கண்ணில், வாய்ப்பகுதியில், கால் மூட்டுகளில். தங்களைவிடப் பல்லாயிரம் மடங்கு எடையுள்ள நண்டு முதலில் குருடாகிறது. பிறகு வழி தெரியாமல் தடுமாறி, உடலின் ஈரம் வற்றி, ஓரிரு நாளில் அடங்குகிறது. எதிரியின் முகத்தில் ஒரு வடுக்கூட விழாமல் போரை முடிப்பது என்றால் இதுதான். அடங்கியதை உண்டு, அதன் வளையிலேயே குடியேறுகிறார்கள். வென்றவர் வீட்டையும் சோற்றையும் ஒரே இடத்தில் பெறும் இந்தச் சிக்கனத்தை மெச்சாமல் இருக்க முடியுமா?

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. பெருமாட்டியரின் காலடியே படாத காடுகளிலும் நண்டுகள் அற்றுப்போயின. கடலுக்குப் புறப்பட்ட நண்டுகள் இடைவழியில் இவர்கள் நாட்டைக் கடக்க நேர்ந்தது, அவ்வளவுதான். போகாத ஊரையும் வெல்லும் இந்தத் திறன் படையெடுத்தே பழகிய நம் மூவேந்தருக்கும் தெரியாது. நண்டு போன இடத்தில் கன்றுகள் நெருக்கியடித்து முளைத்தன, சருகு முழங்காலுக்கு ஏறியது. முன்பு நண்டுகள் உடைத்துத் தின்றுவிடும் என்று அஞ்சிக் காட்டெல்லையிலேயே நின்ற ராட்சத ஆப்பிரிக்க நத்தைகள் இப்போது கவலையின்றி உள்ளே நுழைந்தன. ஒரு வந்தேறி இன்னொரு வந்தேறிக்குக் கதவு திறந்துவிடும் இந்த விருந்தோம்பலின் முன் தமிழர் வீட்டுத் திண்ணைகள் வெட்கப்பட வேண்டும்.

ஹவாயையும் சொல்லாமல் விடலாகாது. எறும்பு என்ற ஓர் இனமே மனிதன் வருமுன் அங்கே இருந்ததில்லை. இன்று அங்குள்ள எறும்புகள் அனைத்தும் மனிதர்கள் அழைத்துச் சென்றவை. ஆகவே அத்தீவுகளின் மஞ்சள்முகத் தேனீக்கள், அறுபதுக்கும் மேற்பட்ட வகைகள், எறும்பென்றால் என்னவென்றே அறியாமல் வெறும் மண்ணிலும் சுள்ளியிலும் பிள்ளைகளை வளர்த்துவந்தன. அவ்வளவு வெகுளித்தனம் உலகுக்கு ஆகாது. பெருமாட்டியரும் அவர்தம் உறவினரான பெருந்தலை எறும்புகளும் பூவில் தேனையும் கூட்டில் குஞ்சையும் எடுத்துக்கொண்டு பாடம் புகட்டிவருகிறார்கள். இந்தப் பயிற்சியில் தேறாத ஏழு வகைகளை 2016-இல் அமெரிக்க அரசு அழியும் நிலைப் பட்டியலில் ஏற்றிக் கௌரவித்தது. அந்நாட்டில் எந்தத் தேனீக்கும் அதற்கு முன் கிடைக்காத பெருமை அது.

புகழ் வளர்ந்தால் பொறாமையும் வளரும். கிறிஸ்துமஸ் தீவில் 2002-இல் ஹெலிகாப்டரிலிருந்து மீன்தூள் உருண்டைகளைப் பொழிந்தார்கள், உள்ளே ஃபிப்ரோனில் நஞ்சு. பெருமாட்டியர் அந்த வானமுதை ஏற்றுப் பெருவாரியாக மாண்டார்கள், சில ஆண்டுகளில் அதே பெருவாரியில் மீண்டும் எழுந்தருளினார்கள். 2009-இல் மறுபடி பொழிய வேண்டியதாயிற்று. பசிபிக்கின் ஜான்ஸ்டன் பவளத் தீவில் செய்த அவமரியாதை இதனினும் பெரிது. அங்கே கடற்பறவைகளின் கண்ணில் அமிலம் பீச்சிக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்த குலத்தை 2010-இல் கண்டுபிடித்தார்கள். ஆளில்லாத அத்தீவில் தன்னார்வலர்கள் முறை வைத்துக் கூடாரமிட்டுத் தங்கினார்கள். பத்தாண்டுக்கு மேல் விடாமல் துரத்தி, 2021-இல் ஓர் எறும்புகூட மிச்சமில்லை என்று அறிவித்தார்கள். வேலையற்றவர்கள் என்று வேறு யாரைச் சொல்வது?

எல்லாவற்றையும்விடக் கொடிய சூழ்ச்சி 2016 டிசம்பரில் நிகழ்ந்தது. மலேசியாவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குளவியைக் கொண்டுவந்து கிறிஸ்துமஸ் தீவில் விட்டார்கள். அது பெருமாட்டியரைத் தொடுவதே இல்லை. அரக்குப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது, அதாவது நேரே கருவூலத்தில் கை வைக்கிறது. பாகு குறைந்த இடங்களில் படை மெலிந்தது, செந்நண்டுகள் மறுபடி சாலையை அடைத்துக்கொண்டு நடக்கத் துணிந்துவிட்டன. எனக்கு உறுத்துவது அதுகூட இல்லை. இந்தக் குளவியை விடுமுன் அது வேறு எந்த உயிருக்கும் கேடு செய்யுமா என்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார்களாம்! ஒரு பூச்சியைத் தீவுக்குக் கொண்டுபோகும் முறையா இது? முந்தைய தலைமுறையினர் ஒரு கேள்வியும் கேளாமல், மூட்டையைக்கூடத் திறந்து பாராமல், எத்தனை எத்தனை இனங்களைக் கடல் கடத்தி வாழ்வித்தார்கள். அந்தத் தாராள மனம் இக்காலத்து அறிஞரிடம் இல்லை.

தமிழ் மண்ணுக்கும் தரிசனம் கிட்டாமல் இல்லை. 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டாரத்தில், கரந்தமலையடிவாரத்துச் சிற்றூர்களில், ஆடுமாடுகளின் கண்களில் அபிஷேகம் நடந்ததாகச் செய்தி வந்தது. தோட்டத்தில் கால்வைத்தால் மேலே ஏறிவிடுகின்றன, தோல் அரிக்கிறது, பிழைப்பைப் பார்க்க முடியவில்லை என்று குடியானவர்கள் முறையிட்டார்கள். அருளின் அருமை தெரியாதவர்கள் எங்கும் இருப்பார்கள்.

பெருமாட்டியரே, இச்சில்லறை முணுமுணுப்புகளைத் திருவுள்ளத்தில் கொள்ள வேண்டாம். அடுத்து எழுந்தருளச் சித்தமான தீவு எதுவென்று ஒரு குறிப்புக் காட்டினால் போதும். சரக்குப் பெட்டகம், பழைய மரத்தடி, மண்ணோடு பெயர்த்த தொட்டிச் செடி, சேறு காயாத புல்டோசர் எனப் பல்லக்கு வகைகள் எல்லாத் துறைமுகத்திலும் ஆயத்தமாக நிற்கின்றன. உள்ளே யார் அமர்ந்திருக்கிறார் என்று திரையை விலக்கிப் பார்க்கும் அநாகரிகம் எங்களில் பெரும்பாலோருக்கு இன்னும் வரவில்லை.